பட்ஜெட்டுக்குள் முதல் கம்ப்யூட்டர் அசெம்பிள்: பாகப் பட்டியலைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்

#1 புதுக்கம்பி

வணக்கம். ரெடிமேட் சிஸ்டம் வேண்டாம், பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே அசெம்பிள் செய்யலாம் என்று முடிவு. முன் அனுபவம் கிடையாது.

வேலை: பிரவுசரில் 20, 30 டேப், ஆபீஸ் ஃபைல்கள், வீடியோ வகுப்பு, பைத்தான் பயிற்சி, ஃபோட்டோ திருத்தம், எப்போதாவது லேசான கேம். 1080பி மானிட்டர், கீபோர்டு, மவுஸ் இருக்கின்றன. தனி கிராபிக்ஸ் கார்டுக்கு இப்போது பட்ஜெட் இல்லை, ஓரிரு வருடம் போகட்டும்.

பிராசசர்: ரைசன் 5 5600
மதர்போர்டு: ஏ520, மைக்ரோ ஏடிஎக்ஸ்
ரேம்: டிடிஆர்4 2666, 8 ஜிபி, ஒன்று
எஸ்எஸ்டி: 256 ஜிபி, எம்.2 சாட்டா
ஹார்ட் டிஸ்க்: 1 டிபி
கேபினெட்: முன்பக்கம் முழுக் கண்ணாடி, 4 ஆர்ஜிபி ஃபேன்
எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை): கேபினெட்டோடு சேர்ந்து வருவது, 450 வாட் என்று ஸ்டிக்கர் இருக்கிறது

எதை மாற்ற வேண்டும்?

#2 செம்புத்தகடு

இந்தப் பட்டியலை அப்படியே வாங்கினால் ஸ்க்ரீனில் ஒன்றுமே வராது. ரைசன் 5 5600க்குள் கிராபிக்ஸ் இல்லை. மதர்போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ போர்ட் இருக்கும். ஆனால் அது பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கு வெளிவாசல் மட்டும்தான். உள்ளே ஆள் இல்லாவிட்டால் வாசல் இருந்து என்ன பயன்?

மாடல் எண்ணின் வாலைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். ஏஎம்4 சாக்கெட் ரைசன்களில் ஜி, ஜிஇ அல்லது ஜிடி என்று முடிந்தால்தான் உள் கிராபிக்ஸ் உண்டு: 5600ஜி, 5600ஜிடி, 5500ஜிடி போல. வெறும் 5500, 5600, 5600எக்ஸ், 5700எக்ஸ் எதிலும் கிடையாது. இன்டெலில் இது தலைகீழ். எஃப் என்று முடிந்தால் இல்லை, முடியாவிட்டால் உண்டு. 12100ல் இருக்கும், 12100எஃபில் இருக்காது. புதிய ஏஎம்5 சாக்கெட்டின் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றில் டெஸ்க்டாப் காட்டும் அளவுக்குச் சிறிய கிராபிக்ஸ் இருக்கிறது. அங்கும் எஃப் என்று முடிந்தால் இல்லை.

உங்கள் வேலைக்கு 5600ஜி சரியாகப் பொருந்தும். 6 கோர், 12 த்ரெட், 65 வாட், கூலரும் பெட்டிக்குள்ளேயே வரும்.

ரேமை 8 ஜிபி ஒன்று என்பதிலிருந்து 8 ஜிபி இரண்டு, 3200 என்று மாற்றுங்கள். இதை வசதிக்காகச் சொல்லவில்லை. உள் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, உங்கள் ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அதற்கென ஒரு பகுதியை ஒதுக்கிவிட்டால் 8 ஜிபியில் மிச்சம் 6, 7 ஜிபிதான். வேகமும் இதே இடத்தில்தான் அடிபடுகிறது. ஒரு ரேம் ஸ்டிக் 3200ல் நொடிக்கு 25.6 ஜிபி தரும். இரண்டு ஸ்டிக் டூயல் சேனலில் 51.2 ஜிபி தரும். நீங்கள் போட்டிருக்கும் 2666 ஒற்றை ஸ்டிக் 21.3 ஜிபிதான். பிராசசரும் கிராபிக்ஸும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கின்றன. குழாய் பாதி அகலமானால் கேமில் அது அப்பட்டமாகத் தெரியும்.

எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் இரண்டுக்கும் ஆகும் பணத்தை ஒன்றாக்கி 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்றே வாங்குங்கள். இடம் போதாமல் போகும்போது ஹார்ட் டிஸ்க் சேர்த்துக்கொள்ளலாம். சாட்டா எம்.2 நொடிக்கு 550 எம்பி சுற்றில் நின்றுவிடும். பிசிஐஇ 3.0 (போர்டின் அதிவேக இணைப்பு வழி) மூலம் ஓடும் என்விஎம்இ வகை 2000 முதல் 3500 எம்பி வரை போகும். அன்றாட வேலையில் இந்த வித்தியாசம் அத்தனை பெரிதாகத் தெரியாது என்பதும் உண்மை. ஆனால் இரண்டின் விலையும் நெருங்கியே இருப்பதால் பழையதை வாங்கக் காரணம் இல்லை.

கண்ணாடி முகப்பு வேண்டவே வேண்டாம். காற்று நுழைய வழியில்லாத இடத்தில் நாலு ஃபேன் சுற்றி என்ன செய்யும்? முன்பக்கம் வலைபோட்ட கேபினெட், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என 120 மிமீ ஃபேன் இரண்டு. 65 வாட் பிராசசருக்கு இதுவே தாராளம்.

#3 மின்னோட்டம்

எஸ்எம்பிஎஸ் பற்றி நான் சொல்கிறேன். பட்டியலில் ஆபத்தான வரி அதுதான்.

கேபினெட்டோடு இலவசமாக வருவதன் ஸ்டிக்கரில் 450 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டு கீழே உள்ள கட்டத்தில் +12வி வரிசையைப் பாருங்கள். அங்கே 16 ஆம்பியர் என்று இருந்தால் 12ஐ 16ஆல் பெருக்குங்கள்: 192 வாட். அதுதான் உண்மையான பலம். மிச்சம் 3.3 வோல்ட், 5 வோல்ட் லைன்களில் கணக்குக்காகக் காட்டப்பட்டது. இன்றைய சிஸ்டத்தில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. ஒழுங்கான 450 வாட் யூனிட்டில் 12 வோல்ட் லைனே 36, 37 ஆம்பியர் தரும்.

80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கலம்) என்ற முத்திரை சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதை மட்டும் சொல்லும். தரத்துக்கோ பாதுகாப்புக்கோ அது சான்று இல்லை. பாதுகாப்புக்கு ஓவர் வோல்டேஜ், ஓவர் பவர், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்புகள் மூன்றும் விவரத்தாளில் எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். வாரண்டி 5 வருடம் இருந்தால் நல்ல அறிகுறி. ஒரு வருட வாரண்டியோடு வருவதைத் தொடாதீர்கள்.

எவ்வளவு வாட்? 5600ஜி முழுச் சுமையில் 88 வாட் வரை இழுக்கும். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்தாலும் மொத்தம் 150 வாட்டைத் தாண்டாது. ஆனால் பின்னால் ஒரு ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு சேர்த்தால் அது மட்டும் 132 வாட். அதனால் 450 முதல் 550 வாட். அதற்கு மேல் வாங்குவது வீண்.

இன்னும் இரண்டு. பின்புறம் 115 / 230 என்று சிவப்பு ஸ்விட்ச் இருக்கும் யூனிட் என்றால், உங்கள் இடத்து மின்னழுத்தத்துக்கு அது சரியாக இருக்கிறதா என்று பிளக்கைச் சொருகும் முன் பாருங்கள். 230 வோல்ட் வரும் இடத்தில் 115ல் விட்டுச் சொருகினால் ஒரே வெடி. நல்ல யூனிட்டுகளில் இந்த ஸ்விட்சே இருக்காது, தானாகவே அனுசரிக்கும். அடுத்து, ஆக்டிவ் பிஎஃப்சி (இழுக்கும் கரண்ட்டைச் சீராக்கும் சர்க்யூட்) உள்ள எஸ்எம்பிஎஸ்ஸை மலிவான சதுர அலை யுபிஎஸ்ஸில் மாட்டினால் கரண்ட் போகும் நொடியில் சிஸ்டம் அணையக்கூடும். யுபிஎஸ் வாங்கும் எண்ணம் இருந்தால் சைன் அலை தருவதையே பாருங்கள்.

#4 நான்காம்ஸ்லாட்

#2ல் சொன்னதில் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். 5600ஜியும் 5600ம் ஒரே பிராசசர், ஒன்றில் மட்டும் கிராபிக்ஸ் கூடுதல் என்று புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. 5600ல் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக மெமரி) 32 எம்பி, பிசிஐஇ 4.0. 5600ஜியில் கேஷ் பாதி, 16 எம்பி; பிசிஐஇயும் 3.0தான். பின்னால் தனி கார்டு மாட்டும்போது கேம்களில் 5600 முன்னே நிற்கும்.

ஆறு மாதத்துக்குள் கார்டு வாங்குவது உறுதி என்றால் 5600 வாங்கி, அதுவரை ஏதாவது பழைய சின்ன கார்டில் ஓட்டலாம். ஓரிரு வருடம் என்றால், 5600ஜி என்பதில் எனக்கும் சம்மதம்.

இன்டெலின் ஐ3-12100ஐயும் கணக்கில் எடுங்கள். 4 கோர், 8 த்ரெட்தான். ஆனால் ஒற்றைக் கோர் வேகத்தில் அது 5600ஜியை முந்தும், பிரவுசர், ஆபீஸ் வேலையில் துள்ளலாக இருக்கும். உள்ளிருக்கும் யுஎச்டி 730 கிராபிக்ஸ் கேமுக்கு மிகவும் பலவீனம். சாக்கெட் எல்ஜிஏ1700. அதே போர்டில் பின்னாளில் 13, 14ஆம் தலைமுறை ஐ5 ஏற்றலாம்; பழைய போர்டு என்றால் பயோஸ் (போர்டைத் தொடங்கிவைக்கும் உள் மென்பொருள்) அப்டேட் வேண்டியிருக்கும். ஒரு கண்ணி மட்டும் உண்டு: எல்ஜிஏ1700 போர்டுகளில் டிடிஆர்4 வகையும் உண்டு, டிடிஆர்5 வகையும் உண்டு. இரண்டுக்கும் வெட்டு இருக்கும் இடம் வேறு என்பதால் மாற்றிப் பொருந்தாது. ரேம் வாங்கும் முன் போர்டின் பெயரை எழுத்துக்கு எழுத்து படியுங்கள்.

#5 செம்புத்தகடு

#4 சொன்ன கேஷ் விவரம் சரி. ஆனால் லேசான கேம் வேண்டும், கார்டு இல்லை என்ற இரண்டு நிபந்தனையும் சேர்ந்தால் யுஎச்டி 730 தோற்றுவிடும். பைத்தான், ஃபோட்டோ, 30 டேப் எல்லாம் ஒன்றாக ஓடும்போது 6 கோரும் கைகொடுக்கும். நான் 5600ஜியிலேயே நிற்கிறேன்.

போர்டை மட்டும் முடிந்தால் பி550க்கு உயர்த்துங்கள். இப்போது 5600ஜி இருக்கும்வரை 3.0 வேகம்தான் கிடைக்கும். நாளை கார்டு வாங்கும்போது 5700எக்ஸுக்கு மாறினால் அதே போர்டில் 4.0 திறந்துகொள்ளும். ஆர்எக்ஸ் 6600 எட்டு லேன் (பிசிஐஇ தரவுப் பாதை) கார்டு, ஆர்எக்ஸ் 6400ம் 6500 எக்ஸ்டியும் நாலு லேன்தான். லேன் குறையக் குறைய 3.0ல் இழப்பு கூடும். நாலு லேன் கார்டுகளை 3.0 சிஸ்டத்துக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன். அவற்றில் வீடியோ என்கோடரும் கிடையாது, ஸ்க்ரீன் ரெக்கார்டிங் செய்பவர்களுக்குப் பெரிய குறை.

#6 புதுக்கம்பி

நன்றி. மாற்றிய பட்டியல்: 5600ஜி, பி550 மைக்ரோ ஏடிஎக்ஸ் 4 ஸ்லாட், 8 ஜிபி 3200 இரண்டு சேர்ந்த கிட், 500 ஜிபி என்விஎம்இ, 12 வோல்ட்டில் 37 ஆம்பியர் உள்ள 450 வாட் 80 பிளஸ் பிரான்ஸ் எஸ்எம்பிஎஸ், வலை முகப்பு கேபினெட், 2 ஃபேன். வாங்கியாகிவிட்டது. எந்த வரிசையில் மாட்டுவது? எங்கே தவறு நடக்கும்?

#7 திருப்புளி

அசெம்பிள் பண்றது என் பங்கு. நிதானமா படிங்க.

வேணும்கிறது: காந்த முனை வச்ச 2ஆம் நம்பர் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், எம்.2 ஸ்க்ரூவுக்கு ஒரு சின்னது, ஸ்க்ரூ போட்டு வைக்க நாலு கிண்ணம், நல்ல வெளிச்சம். கம்பளம் மேல உட்கார்ந்து செய்யாதீங்க, அங்கதான் ஸ்டாட்டிக் சேரும். பாகத்தைத் தொடுறதுக்கு முன்னாடி, எர்த் உள்ள பிளக்கில் சொருகி ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கிற எஸ்எம்பிஎஸ்ஸோட பெயின்ட் இல்லாத இரும்பை ஒரு தடவை தொட்டுக்குங்க. மாட்ட ஆரம்பிக்கும்போது பிளக்கை உருவிடுங்க.

முதல்ல கேபினெட்டுக்கு வெளியே, மதர்போர்டோட அட்டைப் பெட்டி மேல வச்சு ஒரு தடவை ஓட்டிப் பார்க்கணும். இதைத் தாண்டிப் போகாதீங்க. கோளாறு இருந்தா இங்கயே தெரிஞ்சிடும். எல்லாத்தையும் உள்ளே மாட்டி, ஒயரை எல்லாம் கட்டினதுக்கு அப்புறம் தெரிஞ்சா மறுபடி எல்லாத்தையும் கழட்டணும்.

பிராசசர்: ஏஎம்4ல பின் பிராசசர் அடியில இருக்கும், மொத்தம் 1331. ஓரத்தை மட்டும் பிடிங்க. ஒரு மூலையில தங்க முக்கோணம் இருக்கும், சாக்கெட்லயும் அதே அடையாளம் உண்டு. லீவரை நேரா மேல தூக்கி, இரண்டு முக்கோணத்தையும் சேர்த்து வைங்க. தன் எடையிலேயே பொசுக்குனு உட்காரும். உட்காரலைன்னா அழுத்தாதீங்க, எடுத்து வெளிச்சத்துல பின்னைப் பாருங்க. உட்கார்ந்த பிறகு லீவரை இறக்குங்க.

கூலர்: இந்த பிராசசரோட வர்றது நாலு ஸ்ப்ரிங் ஸ்க்ரூ வகை. போர்டுல சாக்கெட்டுக்கு இரண்டு பக்கமும் கருப்பு பிளாஸ்டிக் பிடி இருக்கும், நாலு ஸ்க்ரூவைக் கழட்டி இரண்டையும் எடுத்துடுங்க. அந்த ஸ்க்ரூதான் பின்னால இருக்கிற இரும்புத் தகட்டைப் பிடிச்சிட்டிருக்கு. கழட்டினதும் தகடு கீழே விழும், ஒரு கையால தாங்கிக்குங்க. கூலர் அடியில சாம்பல் கலர்ல பேஸ்ட் ஏற்கனவே பூசியிருக்கும், விரல் படாம வைங்க, மேல இன்னொரு பேஸ்ட் வேண்டாம். நாலு ஸ்க்ரூவும் முதல்ல இரண்டு சுத்து மட்டும் பிடிக்கட்டும். அப்புறம் எதிரெதிர் மூலையா மாத்தி மாத்தி முறுக்குங்க. ஒரு பக்கத்தை முழுசா முறுக்கிட்டா மறுபக்கம் தூக்கிக்கும், எட்டவே எட்டாது. ஃபேன் ஒயரை சிபியு ஃபேன்னு எழுதியிருக்கிற பின்னில்தான் சொருகணும். வேற பின்னில் சொருகினா ஃபேன் ஓடினாலும் பயோஸ் எர்ரர் காட்டும்.

பின்னால எப்பவாவது கூலரைக் கழட்ட வேண்டி வந்தா, சிஸ்டத்தைப் பத்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் பண்ணி, கூலரை இடமும் வலமும் மெதுவா திருகி எடுங்க. நேரா இழுத்தா காய்ஞ்ச பேஸ்ட் பிராசசரையும் சேர்த்துப் பிடுங்கிட்டு வரும், பின் வளைஞ்சிடும்.

ரேம்: பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணினா இரண்டாவது, நாலாவது ஸ்லாட். போர்டுல ஏ2, பி2ன்னு எழுதியிருக்கும். வெட்டைப் பார்த்துப் பொருத்தி, இரண்டு முனையையும் கட்டை விரலால நல்லா அழுத்துங்க.

எம்.2: ஹீட்சிங்க் இருந்தா கழட்டுங்க. பிராசசருக்குப் பக்கத்துல இருக்கிற ஸ்லாட்தான் முதல் தேர்வு. 30 டிகிரி சாய்வா சொருகி, கீழே அழுத்தி, சின்ன ஸ்க்ரூ. 80 மிமீ நீளத்துக்கான இடத்துல குட்டித் தூண் இருக்கான்னு பாருங்க. தூண் இல்லாம ஸ்க்ரூ போட்டா எஸ்எஸ்டி வில்லு மாதிரி வளைஞ்சு நிக்கும்.

இப்போ 24 பின் பெரிய ஒயர், மேல் இடது மூலையில பிராசசருக்கான 8 பின் ஒயர். இந்த 8 பின் 4+4ஆ பிரியும். கிராபிக்ஸ் கார்டு 8 பின் 6+2ஆ பிரியும். பார்க்க ஒண்ணு போல இருந்தாலும் துருவம் வேற, அதனால ஒயர்ல எழுதியிருக்கிறதைப் படிச்சுட்டு சொருகுங்க. மானிட்டரைப் போர்டுல மாட்டி, பவர் ஸ்விட்ச் பின் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால ஒரு நொடி தொடுங்க. பயோஸ் வந்தா பாதி வேலை முடிஞ்சது.

#8 திருப்புளி

தொடர்ச்சி. கேபினெட்டுக்குள்ள போடுறது.

ஐஓ ஷீல்டு (பின்பக்க போர்ட்டுகளைச் சுத்தி வர்ற தகடு) தனியா வந்தா அதைத்தான் முதல்ல மாட்டணும், நாலு மூலையும் டக்னு சத்தம் வரணும். அதுல குட்டிக் குட்டி இரும்பு நாக்குகள் நீட்டிட்டு இருக்கும். போர்டை நுழைக்கும்போது அதுல ஒண்ணு மடங்கி நெட்வொர்க் போர்ட்டுக்குள்ளயோ யுஎஸ்பிக்குள்ளயோ போயிடும். போர்டு உட்கார்ந்ததும் வெளியே இருந்து ஒவ்வொரு ஓட்டையா எட்டிப் பாருங்க.

பித்தளைத் தூண்கள்: போர்டுல ஓட்டை இருக்கிற இடத்துல மட்டும் இருக்கணும். ஏடிஎக்ஸ் போர்டு 305க்கு 244 மிமீ, மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244. கேபினெட்டுல பெரிய போர்டுக்கான தூண் முன்னாடியே போட்டிருந்தா, உங்க போர்டோட அடிப்பக்கத்தைத் தொட்டு ஷார்ட் ஆகும். கூடுதலா இருக்கிறதைக் கழட்டிடுங்க. ஸ்க்ரூ நின்னதும் விடுங்க, முறுக்காதீங்க.

முன்பக்கப் பொத்தான் ஒயர்: எல்லாரும் திணறுற இடம். பெரும்பாலான போர்டுல மேல் வரிசை இடமிருந்து பவர் எல்இடி பிளஸ், மைனஸ், அடுத்த இரண்டு பவர் ஸ்விட்ச். கீழ் வரிசை எச்டிடி எல்இடி பிளஸ், மைனஸ், அடுத்த இரண்டு ரீசெட். உங்க மேனுவல் படத்தோட ஒப்பிட்டுக்குங்க. ஸ்விட்ச் ஒயரைத் திருப்பிப் போட்டாலும் வேலை செய்யும். எல்இடி திருப்பிப் போட்டா எரியாது, அவ்வளவுதான், ஒண்ணும் கெடாது. யுஎஸ்பி 3.0க்கான 19 பின் ஒயர் மட்டும் கவனம். வெட்டைப் பார்க்காம அழுத்தினா பின் மடிஞ்சிடும், நிமிர்த்தறது பெரும்பாடு.

ஃபேனுக்கு எது முன், எது பின்? குறுக்குச் சட்டம் தெரியற பக்கமாத்தான் காற்று வெளியே வரும். முன் ஃபேனோட சட்டம் உள்ளே பார்க்கணும், பின் ஃபேனோட சட்டம் வெளியே பார்க்கணும்.

#9 மின்னோட்டம்

#7க்கு ஒரு சேர்க்கை. கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் வாங்குபவர்கள் கவனிக்க: ஒரு யூனிட்டின் ஒயரை இன்னொரு யூனிட்டில் சொருகாதீர்கள். பாகத்தின் பக்கத்து முனைக்குத்தான் பொது அளவு உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடல் மாறும். கச்சிதமாகச் சொருகிக்கொள்ளும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் டிஸ்க் எரியும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் தூக்கிப் போடும்போது அதன் ஒயரையும் சேர்த்தே போட்டுவிடுங்கள்.

#10 புதுக்கம்பி

பெட்டி மேல் வைத்து ஓட்டினேன். ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை. போர்டில் டிராம் என்று எழுதிய இடத்தில் மஞ்சள் விளக்கு நிற்கிறது.

#11 நான்காம்ஸ்லாட்

நல்ல போர்டு, நோயைத் தானே சொல்கிறது. அந்த வரிசையில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நாலு விளக்கு உண்டு. தொடங்கும்போது ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எதில் நிற்கிறதோ அங்கே சிக்கல்.

ஆஃப் செய்து, பிளக்கை உருவி, பவர் பின்னை ஒரு தடவை தொட்டு மிச்சக் கரண்ட்டை வடியவிடுங்கள். பிறகு ரேமைப் பக்கவாட்டிலிருந்து கண்மட்டத்தில் பாருங்கள். பல போர்டுகளில் ஒரு முனையில்தான் அசையும் கிளிப் இருக்கும், மறுமுனை நிலையானது. கிளிப் பக்கம் டக் என்று மூடிவிடும், நிலையான பக்கம் ஒரு மில்லிமீட்டர் தூக்கியே நிற்கும். தங்கப் பட்டை ஒரு பக்கம் மறைந்து மறுபக்கம் கோடாகத் தெரிந்தால் அதுதான் காரணம்.

அப்படியும் வராவிட்டால் ஒரே ஸ்டிக், இரண்டாவது ஸ்லாட்டில் மட்டும். வந்தால் மற்ற ஸ்டிக்கை அதே ஸ்லாட்டில் மாற்றிப் பாருங்கள். எது வேலை செய்யவில்லை, ஸ்டிக்கா ஸ்லாட்டா என்று அதில் பிரிந்துவிடும். ஒரு மாற்றம், ஒரு சோதனை. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாமல் போகும்.

அதற்கும் மசியவில்லை என்றால் சிமாஸ் கிளியர், அதாவது பயோஸ் அமைப்புகளை அழிப்பது. காசு போல இருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் விடுங்கள்.

#12 செம்புத்தகடு

விளக்கு சிபியுவில் நின்றிருந்தால் வேறு கதை. 8 பின் ஒயர் சொருகாமல் விட்டால் அப்படி நிற்கும். ஃபேன் எல்லாம் ஜோராகச் சுற்றும், உயிர் இருக்காது. இல்லையென்றால் போர்டின் பயோஸ் பழையதாக இருந்து 5600ஜியை அடையாளம் தெரியாமல் இருக்கலாம். பின்புறம் பயோஸ் ஃபிளாஷ் பொத்தான் உள்ள போர்டு என்றால் பிராசசர் இல்லாமலே அப்டேட் செய்யலாம். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில், மேனுவல் சொல்லும் பெயரை ஃபைலுக்கு வைத்து, குறிப்பிட்ட யுஎஸ்பி போர்ட்டில் சொருகிப் பொத்தானை அழுத்த வேண்டும். விளக்கு சிமிட்டி முடியும்வரை கரண்ட்டை நிறுத்தவே கூடாது.

டிடிஆர்5 சிஸ்டத்தில் இதைப் படிப்பவர்களுக்கு: முதல் தடவை ஆன் செய்யும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். அதுவரை டிராம் விளக்கு எரிவது இயல்பு. பொறுத்திருங்கள்.

#13 புதுக்கம்பி

நிலையான பக்கம்தான் உட்காரவில்லை. அழுத்தியதும் பயோஸ் வந்தது. கேபினெட்டில் ஏற்றியாகிவிட்டது. ஆனால் ரேம் 3200 என்று வாங்கியது, பயோஸில் 2400 என்று காட்டுகிறதே?

#14 நான்காம்ஸ்லாட்

கோளாறு இல்லை. ரேம் எப்போதும் பாதுகாப்பான பொது வேகத்தில்தான் விழிக்கும். 3200 என்ற வேகம் ரேமுக்குள் ஒரு ப்ரொஃபைலாக எழுதப்பட்டிருக்கிறது, நீங்கள்தான் இயக்க வேண்டும். பயோஸில் எக்ஸ்எம்பி என்றோ டிஓசிபி என்றோ இருக்கும். டிடிஆர்5 ஏஎம்டி போர்டுகளில் எக்ஸ்போ. முதல் ப்ரொஃபைலைத் தேர்ந்து சேவ் செய்யுங்கள். இதைச் செய்யாமலே வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் ஏராளம், வாங்கிய வேகத்தில் கால்வாசி தூங்குகிறது.

அதே பயோஸில் யுஎம்ஏ என்ற வரி, கிராபிக்ஸுக்கு ரேமில் எவ்வளவு ஒதுக்குவது என்பது. கேம் இல்லாவிட்டால் ஆட்டோவிலேயே விடுங்கள். கேம் ஆடினால் 2 ஜிபி.

வேகத்தை ஏற்றியதும் ஓஎஸ் போடும் முன் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐப் பென்டிரைவிலிருந்து 4 சுற்று ஓட்டுங்கள். சில மணி நேரம் ஆகும். ஒரே ஒரு எர்ரர் வந்தாலும் அந்த ரேமைத் திருப்பிக் கொடுங்கள். ரேம் எர்ரர் சத்தமில்லாமல் ஃபைல்களைக் கெடுக்கும், காரணம் வேறெங்கோ இருப்பது போலவே தோன்றும்.

#15 செம்புத்தகடு

ஓஎஸ் பற்றி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது, புது சிஸ்டத்தில் அதைப் போடாதீர்கள். விண்டோஸ் 11 கேட்பது யுஇஎஃப்ஐ (புதிய வகை பயோஸ்), செக்யூர் பூட் வசதி, டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் பகுதி). தனி டிபிஎம் சிப் வாங்க வேண்டியதில்லை, பிராசசருக்குள்ளேயே உண்டு. ஏஎம்டியில் எஃப்டிபிஎம், இன்டெலில் பிடிடி என்ற பெயரில் பயோஸில் இருக்கும். உங்கள் வேலைக்கு லினக்ஸ் மின்ட்டும் முழுதாகப் போதும்.

8 ஜிபி பென்டிரைவ் தயாராக இருக்கட்டும். அதில் போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து நெட்வொர்க் (லேன்) டிரைவரையும் போட்டு வையுங்கள். விண்டோஸ் அமைப்பின் நடுவே இணையம் கேட்டு நிற்கும்போது டிரைவர் இல்லாவிட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். முடிந்ததும் சிப்செட், கிராபிக்ஸ் டிரைவர்களைப் போடுங்கள். இல்லாவிட்டால் ஸ்க்ரோல் செய்வதே திக்கித் திக்கிப் போகும்.

#16 நான்காம்ஸ்லாட்

12100 வழியில் போகிறவர்களுக்கு ஒரு வரி. இன்ஸ்டால் நடுவில் டிஸ்க்கே காட்டவில்லை என்றால் எஸ்எஸ்டியைச் சந்தேகிக்காதீர்கள். சில இன்டெல் போர்டுகளில் விஎம்டி என்ற வசதி ஆன் நிலையில் வரும், அதற்கான டிரைவர் இல்லாமல் விண்டோஸ் இன்ஸ்டாலர் என்விஎம்இயைப் பார்க்காது. பயோஸில் விஎம்டியை அணைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

#17 அலைவரிசை7

இதே சிஸ்டத்தைப் பழைய பாகங்களில் கட்டினால் இன்னும் குறையுமே? எதைப் பழையதாக வாங்கலாம்?

#18 மின்னோட்டம்

எஸ்எம்பிஎஸ் மட்டும் புதிது. உள்ளே கெபாசிட்டர் எவ்வளவு உலர்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது, போகும்போது மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும்.

#19 செம்புத்தகடு

பிராசசர் தாராளமாக வாங்கலாம், அரிதாகத்தான் கெடும். ஏஎம்4 என்றால் பிராசசரின் பின்களை நான்கு திசையிலிருந்தும் வரிசையாகப் பாருங்கள், வளைந்தது உடனே தெரியும். எல்ஜிஏ1700 என்றால் போர்டின் சாக்கெட்டைப் பாருங்கள், பின் அங்கேதான் இருக்கிறது. டார்ச் அடித்தால் எல்லாம் ஒரே கோணத்தில் மின்ன வேண்டும். ரேமும் சரி, மெம்டெஸ்ட் ஓட்டிப் பார்க்க அனுமதித்தால். எஸ்எஸ்டி என்றால் கிரிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் ஆரோக்கிய சதவீதமும் மொத்தம் எழுதிய டிபியும் பார்க்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் வேண்டாம். பழைய கேபினெட் எவ்வளவு அடிபட்டிருந்தாலும் பரவாயில்லை, முகப்பில் காற்று போனால் போதும்.

#20 புதுக்கம்பி

மெம்டெஸ்ட் 4 சுற்று சுத்தம். 3200ல் ஓடுகிறது. முழுச் சுமையில் பிராசசர் 78 டிகிரி. ஆனால் எஸ்எஸ்டி சும்மா இருக்கும்போதே 66, பெரிய ஃபைல் காப்பி செய்தால் 80ஐத் தாண்டி வேகம் விழுந்துவிடுகிறது. ஹீட்சிங்க் மாட்டியும் இப்படியா?

#21 செம்புத்தகடு

பிராசசர் 78 நல்ல அளவு, அதன் எல்லை 95.

எஸ்எஸ்டி ஹீட்சிங்கின் அடியில் மெத்தென்ற தெர்மல் பேட் இருக்கும். அதன் மேல் கண்ணாடி போல ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டி வரும். உரித்தீர்களா?

#22 புதுக்கம்பி

உரிக்கவில்லை. நீலமாக மங்கலாக ஒன்று இருந்தது, பேடின் பகுதி என்று நினைத்தேன்.

#23 திருப்புளி

கழட்டுங்க, மூலையில நகத்தால நெருடி உரிங்க. பேட் பிய்ஞ்சு வராம பார்த்துக்குங்க, எஸ்எஸ்டி ஸ்டிக்கரை விட்டுடுங்க, அதை உரிச்சா வாரண்டி போயிடும். சைட் பேனல் கண்ணாடிக்கு உள்பக்கமும் இதே மாதிரி படலம் இருக்கும், அதையும் ஒரு தடவை பாருங்க.

#24 புதுக்கம்பி

உரித்து மாட்டினேன். சும்மா இருக்கும்போது 43, 50 ஜிபி காப்பி முடிவில் 61. வேகம் விழவில்லை.